ரோமனெஸ்க் தேவாலயக் குறுக்குவெட்டு மாதிரி: கல்கூரை விழுகிறது, யாருக்கு எந்த இடம் என்பதும் தெரிய வேண்டும்

தெம்பனிஸ்_மாடல் கேட்டது:

வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக்கலை வரலாற்றுப் பாடத்துக்கு, 11–12ஆம் நூற்றாண்டு ரோமனெஸ்க் பாணி (அரைவட்ட வளைவும் பருத்த சுவரும் கொண்ட ஐரோப்பியக் கட்டடப் பாணி) யாத்திரைத் தேவாலயம் ஒன்றின் குறுக்குவெட்டை 1:50 அளவில் செய்ய வேண்டும். முன்மாதிரியாக எடுத்திருப்பது தென் பிரான்சின் கோங்க் ஊரிலுள்ள சாந்த் ஃபுவா. நடுக்கூடத்தின் அகலத்தை 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன், அதாவது மாதிரியில் 140 மில்லிமீட்டர். பசை கூடாது என்பது விதி. கட்டிகளை அடுக்கி, அது தானாக நிற்க வேண்டும்.

பிளாஸ்டரில் 6 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கட்டிகளை வார்த்து அரைவட்ட வளைவு அடுக்கினால், சென்ட்ரிங்கை (வளைவைத் தற்காலிகமாகத் தாங்கும் சட்டத்தை) இறக்கியதும் விழுகிறது. சுவர் இரண்டு பக்கமும் அசையாமல்தான் இருக்கிறது. தவறு எங்கே?

இரண்டாவது, பக்கக்கூடத்துக்கு மேலே ஒரு மாடம் இருக்கிறதே, அது யாருக்கு? நடுக்கூடத்தின் மேல்சுவரில் ஏன் ஒரு சன்னல்கூட இல்லை?

மூன்றாவது, மாதிரியின் பக்கத்தில் வைக்கும் விளக்கப் பலகை. தமிழ்ப் பெற்றோரும் பார்வையிட வருவதால் ஒன்றைத் தமிழிலும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "மக்கள் வந்து வழிபட்டார்கள்" என்று ஒரு வரியில் முடிக்க மனமில்லை. யார் காசு கொடுத்தார்கள், யார் எதுவரை உள்ளே போகலாம், ஊருக்கு இந்தக் கட்டடத்தால் என்ன ஆனது, இதெல்லாம் வேண்டும்.

சாந்துச்சட்டி:

தம்பி, சுவரில் குற்றமில்லை, வளைவு மெலிந்துவிட்டது. அரைவட்ட வளைவு தன் எடையைத் தானே தாங்கி நிற்க, தடிமன் ஆரத்தில் குறைந்தது 10.75 விழுக்காடு இருக்க வேண்டும். ஆரத்தைத் தடிமனின் நடுக்கோடு வரை அளக்க வேண்டும். உள் ஆரம் 70 மில்லிமீட்டர் என்றால் கணக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். 6 எப்படியும் விழும். 8 என்பதும் கட்டிகள் கண்ணாடி மாதிரி ஒட்டி உட்கார்ந்தால்தான். கையால் தேய்த்த கட்டிக்கு 12 வைத்துக்கொள்ளுங்கள். உண்மை அளவில் அது 60 சென்டிமீட்டர், அந்தக் காலத்துக்குப் பொருந்தாத அளவும் இல்லை.

12 மில்லிமீட்டர் தடிமனில் 15 கட்டிகள் போதும். ஒவ்வொன்றும் 12 பாகை. உள்முகம் 14.7, வெளிமுகம் 17.2 மில்லிமீட்டர். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் உச்சியில் இணைப்பு வராது, ஒரு கட்டி உட்காரும். இணைப்புகள் எல்லாமே வட்டத்தின் மையத்தைப் பார்த்து இருக்க வேண்டும். ஒரு பாகை தப்பினாலும் கட்டிகள் முகத்தால் தொடாமல் விளிம்பால் தொடும். அந்த விளிம்புதான் கீல் மாதிரி மடங்கத் தொடங்கும் இடம்.

விழும்போது ஒரு தரம் காணொளி எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உச்சியில் வளைவு கீழிறங்கும், அங்கே விரிசல் கீழ்ப்பக்கம் வாய் திறக்கும். வளைவு தொடங்கும் மட்டத்திலிருந்து சுமார் 35 பாகை மேலே, இரு தோள்களிலும், வெளிப்பக்கம் திறக்கும். அங்கே வளைவு வெளியே உதைத்துக்கொண்டு மடங்குகிறது. 900 ஆண்டுப் பழைய கல்கூரைகளைக் கீழே நின்று பார்த்தாலும் உச்சியில் நீளவாட்டில் ஓடும் விரிசல் இதேதான். அந்த விரிசல் இருப்பதாலேயே கூரை விழப்போகிறது என்று அர்த்தமில்லை. சுவர் சற்று விலகியிருக்கிறது, வளைவு அதற்கேற்ப உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தோள் வெளியே உதைக்காமலிருக்க, அன்றைய கொத்தர்கள் வளைவின் முதுகுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மூலையைக் கல்லும் சாந்தும் போட்டு நிரப்பினார்கள். நீங்களும் தொடக்க மட்டத்திலிருந்து 35 மில்லிமீட்டர் உயரம் வரை நிரப்புங்கள். அங்கே மணல் கொட்டிவிடாதீர்கள், மணல் தானே பக்கவாட்டில் தள்ளும். சில்லுக் கட்டிகளைக் கிடைமட்டமாக இறுக்கி அடுக்குங்கள்.

சென்ட்ரிங்கின் நான்கு காலடியிலும் எதிரெதிராக இரண்டிரண்டு ஆப்பு வையுங்கள். நான்கையும் ஒரே சீராக ஒவ்வொரு மில்லிமீட்டராக இறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று இறங்கினால் நல்ல வளைவும் சாயும்.

இப்போது சுவர். உண்மை அளவிலேயே கணக்குப் பார்ப்போம். 7 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் தடிமன், கல்கட்டு கன மீட்டருக்கு 2.3 டன். கூரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு பக்கச் சுவரில் ஏறும் எடை 8.2 டன். கூடவே வெளிப்பக்கமாக 2.8 டன் தள்ளுகிறது. வளைவு 15 மீட்டர் உயரத்தில் தொடங்கினால், சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்பம் 43 டன்-மீட்டர். சுவர் 1.5 மீட்டர் கனமாக இருந்தால், சுவரின் எடையும் கூரையின் எடையும் சேர்ந்து நிமிர்த்திப் பிடிப்பது 49. நிற்கும், ஆனால் நூலிழையில். 2 மீட்டராக்கினால் 83, அப்போதுதான் மூச்சு விடலாம். இது தோள் நிரப்பைச் சேர்க்காத கணக்கு. சுவர் ஏன் இப்படிப் பருத்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கல் நசுங்குமோ என்ற பயம் வேண்டாம். 15 மீட்டர் சுவரின் அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 35 டன்தான். சுமாரான சுண்ணாம்புக்கல்லே இதைப்போலப் பல மடங்கு தாங்கும். இங்கே வெற்றி தோல்வி முழுக்க வடிவத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் உங்கள் பிளாஸ்டர் மாதிரி விளையாட்டுப் பொருள் அல்ல: வடிவ விகிதம் சரியென்றால் 1:50இல் நிற்பது 1:1இலும் நிற்கும், இதில் விழுவது அதிலும் விழும்.

மாடத்தின் வேலையும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. கோங்க், துலூஸின் சான் செர்னான், சந்தியாகோ தே கம்போஸ்தெலா மூன்றிலும் மாடத்தின் கூரை கால்வட்டம். அதன் மேல்முனை நடுக்கூடச் சுவரில் சாய்ந்து, பெரிய வளைவின் தள்ளுதலை வாங்கி வெளிச்சுவருக்குக் கொண்டுபோகிறது. வெளிச்சுவர் குட்டை, முட்டுச்சுவர்களும் உண்டு, எனவே அங்கே அதே விசை சிறிய திருப்பத்தையே தரும். மேல்சுவரில் சன்னல் வர வேண்டிய இடத்தில் மாடத்தின் முதுகு வந்து உட்கார்ந்துவிட்டதால் சன்னலுக்கு இடமில்லை. வெளிச்சம் மாடத்தின் வெளிச்சன்னல்கள், பக்கக்கூடச் சன்னல்கள், நடுக்கூடத்தைக் குறுக்குக்கூடம் (சிலுவையின் கைகள்போல இருபுறமும் நீளும் கூடம்) வெட்டும் இடத்திலுள்ள கோபுரம் ஆகியவற்றின் வழியாக வரும். நடுக்கூடத்தின் உச்சி மங்கலாகத்தான் இருக்கும். மாடத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், என் கணிப்பில் அது முதலில் முட்டு, பிறகுதான் அறை.

மாதிரியில் கவனிக்க வேண்டிய ஒரே இடம்: கால்வட்டம் சுவரைத் தொடும் மட்டமும் பெரிய வளைவு தொடங்கும் மட்டமும் நெருக்கமாக இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் கீழே தொட்டால், இரண்டுக்கும் நடுவே சுவர் முழங்கால் மாதிரி மடங்கும்.

ஏட்டுச்சுவடி:

கூரையைச் சாந்துச்சட்டி ஐயா பார்த்துக்கொண்டார், நான் தரைப்படத்திலிருந்து வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இந்த வகைத் தேவாலயத்துக்குள் இரண்டு கூட்டம் ஒரே நேரத்தில் இயங்கியது. துறவியர் பகலும் இரவுமாக நாளில் எட்டு வேளை கூடிச் சங்கீதங்களை (வேதாகமத் துதிப்பாடல்களை) இசைத்தார்கள். அவர்கள் இடம் கிழக்கே, பீடத்தை ஒட்டி, தடுப்புக்குள். யாத்திரிகர்களுக்கு வேண்டியது புனிதரின் எச்சம் (எலும்பு போன்றவை) இருக்கும் பேழை. அதுவும் கிழக்கேதான். வருகிறவர்களை நடுவே விட்டால் வழிபாடு கெடும். எனவே பக்கக்கூடத்தைக் குறுக்குக்கூடத்தைச் சுற்றி, பீடத்தின் பின்னால் அரைவட்டமாக வளைத்து, மறுபக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பக்கம் நுழைந்து, பேழையைக் கம்பித் தடுப்பின் வழியாகத் தரிசித்து, மறுபக்கம் வெளியேறலாம். நம் கோயில் திருச்சுற்றுக்குப் பழகிய கண்ணுக்கு இது உடனே பிடிபடும்.

அந்த வளைவுப் பாதையிலிருந்து பிதுங்கி நிற்கும் சிற்றாலயங்களைப் பாருங்கள். கோங்கில் மூன்று, துலூஸில் ஐந்து. அவை அழகுக்கு அல்ல. 11ஆம் நூற்றாண்டுக்குள் துறவியரில் பெரும்பாலோர் குருப்பட்டம் பெற்றவர்களாகிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனித் திருப்பலி நிறைவேற்ற வேண்டும், அதற்குத் தனிப் பீடம் வேண்டும். பீடங்கள் பெருகப் பெருகத் தரைப்படம் விரிந்தது.

யாருக்காக அத்தனை திருப்பலி? பெரும்பாலும் இறந்தவர்களுக்காக. காசு வந்த வழியும் இதுவே. ஒரு பிரபு நிலத்தை, ஆலையை, திராட்சைத் தோட்டத்தை மடத்துக்கு எழுதி வைப்பார். ஈடாக அவர் பெயரும் குடும்பத்தார் பெயரும் வேண்டுதல் பட்டியலில் ஏறும். தஞ்சைப் பெரிய கோயிலை 1010இல் ராஜராஜன் முடித்தபோது நொந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு என்று கல்லில் வெட்டி வைத்தார்களே, நிவந்தத்தின் (கோயிலுக்கு எழுதி வைக்கும் கொடையின்) கணக்குமுறை ஏறத்தாழ ஒன்றுதான். 20 ஆண்டு கழித்து ஜெர்மனியில் ஷ்பையர் பேராலயத்துக்கு அடிக்கல் விழுகிறது. பேரரசர் இரண்டாம் கொன்ராட் அதைத் தன் குலத்தின் கல்லறையாகவே எழுப்பினார். அதன் நிலவறை மட்டும் 850 சதுர மீட்டர்.

நிவந்தத்தில் உச்சம் பிரான்சின் க்ளூனி மடம். 910இல் அக்கித்தேன் கோமகன் வில்லியம் நிறுவியது. எந்த ஆயருக்கும் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் நேரே பாப்பரசருக்குக் கீழே வைத்தது அதன் பலம். மடாதிபதி ஒதிலோ, இறந்தோர் அனைவருக்குமாக நவம்பர் 2ஐக் குறித்தார். இன்றைக்கும் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர் கல்லறைக்குப் போகும் நாள் அது. லியோன்-கஸ்தீல் மன்னர் ஆறாம் அல்போன்சோ க்ளூனிக்கு ஆண்டுக் கொடையை இரட்டிப்பாக்கி 2,000 பொற்காசாக்கினார். அந்தப் பொன் ஸ்பெயினின் முஸ்லிம் சிற்றரசுகள் அவருக்குக் கட்டிய கப்பத்திலிருந்து வந்தது. 1088இல் தொடங்கிய மூன்றாம் க்ளூனி ஆலயத்தின் கற்களுக்குப் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது. உங்கள் பலகையில் ஒரே ஒரு பணத் தகவல்தான் எழுதலாம் என்றால் இதை எழுதுங்கள்.

சிற்றூர்க் கோயில்களுக்கு வழி வேறு: தசமபாகம். விளைச்சலில் பத்தில் ஒன்று. ஆயர், குரு, ஏழைகள், கட்டடப் பராமரிப்பு என்று நான்காகப் பிரிய வேண்டும் என்பது சட்டம். நடப்பில் பல இடங்களில் ஊர்ப் பிரபுவே அதைக் கையில் வைத்திருந்தார். 11ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தச் சண்டையில் பாதி இதைப் பற்றியதுதான்.

ஊருக்கு என்ன ஆனது என்று கேட்டீர்கள். 989இல் ஷாரூ என்ற இடத்தில் கூடிய ஆயர் மன்றம், தேவாலயத்தைக் கொள்ளையடிப்பவன், குடியானவனின் கால்நடையைப் பறிப்பவன், ஆயுதமில்லாத குருவை அடிப்பவன் ஆகியோரைச் சபித்தது. காகிதத்தில் சாபம் போட்டால் குதிரைவீரன் நின்றுவிடுவானா என்று கேட்கலாம். கத்தலோனியாவில் இது நிலத்திலேயே கோடாக விழுந்தது: தேவாலயத்தைச் சுற்றி 30 தப்படி வரை அடைக்கல நிலம். குடியானவர்கள் அந்த வட்டத்துக்குள் களஞ்சியம் கட்டித் தானியத்தை வைத்தார்கள், பிறகு வீடும் கட்டினார்கள். பல ஊர்கள் அந்த வட்டத்திலிருந்தே வளர்ந்தவை. திருமுழுக்குத் தொட்டி, கல்லறை, மணி, தானியம் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் அது ஊரின் மையம் ஆகாமல் என்ன செய்யும்?

தெம்பனிஸ்_மாடல்:

இருவருக்கும் நன்றி. 12 மில்லிமீட்டரில் வார்த்து, ஆப்பு வைத்து இறக்கினேன், வளைவு நிற்கிறது. பிளாஸ்டர்தான் காயவே மாட்டேன் என்கிறது, இரண்டு கட்டி ஒட்டிக்கொண்டு பெயர்ந்தன. அதற்கு என்ன செய்யலாம்?

பாடக் குறிப்பில் "தீ விபத்துக்குப் பயந்து கல்கூரை போட்டார்கள்" என்றும், "வாசல் சிற்பம் படிக்காதவர்களின் வேதாகமம்" என்றும் இருக்கிறது. இவற்றை அப்படியே எழுதலாமா?

மூன்றாம்_தூண்:

இரண்டையும் அப்படியே எழுதாதீர்கள், இரண்டிலும் பாதிதான் உண்மை.

முதலில் தீ. கல்கூரை போட்டால் மரம் போய்விடும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலான இடங்களில் கல்கூரைக்கு மேலே மழைக்காக மரச்சட்டமும் அதன்மேல் ஓடோ ஈயத்தகடோ கொண்ட இன்னொரு கூரை உண்டு. தீப்பிடிப்பது அதில். கல்கூரை செய்வது, எரியும் மரம் கீழே பீடத்தின் மேல் விழாமல் தடுப்பது. 2019இல் பாரிஸ் நோத்ர-தாமில் மேல்கூரை முழுதும் எரிந்தபோதும் கல்கூரையின் பெரும்பகுதி தாங்கியதை உலகமே பார்த்தது. அது பிற்காலக் கோத்திக் பாணி என்றாலும் வேலை ஒன்றுதான். எனவே தீ ஒரு காரணம். ஆனால் தீக்கு மட்டும் இவ்வளவு பணத்தையும் ஆபத்தையும் யாரும் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். பாட்டுச் சத்தம் கல்லுக்கடியில் நீண்டு நிற்கும், மெதுவாக இசைக்கும் சங்கீதத்துக்கு அது பொருந்தும். உரோமானியரின் பெருங்கட்டடங்களுக்கு ஈடான மதிப்பு வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஷ்பையரில் 1061இல் மரக்கூரையோடு அர்ச்சிப்பு (வழிபாட்டுக்குப் புனிதப்படுத்தும் சடங்கு) முடிந்துவிட்டது. நன்றாக நின்ற கட்டடத்தில், 1080களில் நான்காம் ஹென்றி தூண்களை ஒன்றுவிட்டு ஒன்று பருக்க வைத்து, 33 மீட்டர் உயரத்தில் கல்கூரை ஏற்றினார். பாப்பரசரோடு அவர் மோதிக்கொண்டிருந்த காலம் அது. தீயை விட அரசியல்தான் அங்கே பெரிய காரணம் என்பேன்.

மேலும், ரோமனெஸ்க் என்றாலே கல்கூரை என்றும் எழுதிவிடாதீர்கள். பீசா பேராலயம், ஹில்டெஸ்ஹைம் புனித மிக்கேல் ஆலயம், பிரனீஸ் மலையில் தவூல் ஊரின் சான் கிளிமென்ட், எல்லாவற்றிலும் நடுக்கூடம் மரக்கூரை. தவூலில் 1123 டிசம்பர் 10 அன்று அர்ச்சிப்பு நடந்த செய்தி தூணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மறுநாளே அதே சிற்றூரில் சாந்தா மரியா ஆலயமும் அர்ச்சிக்கப்பட்டது.

சாந்துச்சட்டி சொன்ன மாடத்தீர்வு பலவற்றில் ஒன்று. தூர்னு ஊரின் புனித ஃபிலிபேர் ஆலயத்தில் நடுக்கூடத்தின் மேல் உருளை வளைவுகளைக் குறுக்குவாட்டில் வரிசையாகப் போட்டார்கள். ஒவ்வொன்றும் பக்கத்து வளைவையே தள்ளுகிறது, நீளச்சுவரின் மேல் தள்ளுதல் இல்லை, அதனால் அங்கே தாராளமாகச் சன்னல் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் உள்ளே பார்வை கிழக்கு நோக்கி ஓடாமல் ஒவ்வொரு வளைவிலும் தட்டி நிற்கும். ஏறக்குறைய யாருமே இதைப் பின்பற்றவில்லை.

க்ளூனியில் துணிச்சல் அதிகம். கூர்வளைவுக் கூரையை 30 மீட்டர் உயரத்தில் போட்டு, கீழே சன்னலும் வைத்தார்கள். கூர்வளைவு அரைவட்டத்தைவிடக் குறைவாகத் தள்ளும் என்பது சரிதான். இருந்தும் 1125இல் நடுக்கூடக் கூரையின் ஒரு பகுதி இடிந்தது. சரிசெய்து 1130இல் அர்ச்சித்தார்கள். பிரான்சின் வெஸலே ஆலயத்தில் உருளை வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் கூரை, மேலே சன்னல். சுவர்கள் வெளியே சாய்ந்து, அரைவட்டமாக இருந்த குறுக்கு வளைவுகள் தட்டையாகத் தொங்கிவிட்டன. 1840இல் பழுதுபார்ப்பு தொடங்கியபோது கூரையின் சில பகுதிகளைப் பிரித்தே கட்ட வேண்டியிருந்தது.

1093இல் தொடங்கிய இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் கதை மாறுகிறது. அங்கே விலா எலும்பு போன்ற வளைவுகளை முதலில் எழுப்பி, இடைவெளிகளை மெல்லிய கல்லால் மூடினார்கள். மாடத்தின் கூரைக்குள்ளே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, முட்டு வளைவுகள் ஒளிந்திருக்கின்றன. ஆனால் கிழக்குப் பகுதியின் முதல் கூரை விரிசல் விட்டு, 13ஆம் நூற்றாண்டில் அதை மாற்றினார்கள். முன்னோடி வேலை என்றால் அந்த விலை உண்டு.

இனி வாசல் சிற்பம். கோங்கின் மேற்கு வாசலில் இறுதித் தீர்ப்பு, 124 உருவங்கள். ஒரு பாதி ஒழுங்காக நிற்கும் மீட்கப்பட்டவர்கள். மறுபாதியில் நரகத்தின் நெரிசல். அங்கே குதிரையோடு தலைகீழாக விழும் வீரன் ஒருவன், கழுத்தில் பணப்பை தொங்கக் கயிற்றில் ஆடும் கருமி ஒருவன். படிக்கத் தெரியாதவனுக்கும் இவை உறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் சிற்பத்துக்கு நடுவே பட்டை பட்டையாக ஓடும் எழுத்தெல்லாம் லத்தீன். அதைக் குடியானவன் படிக்க முடியாது, துறவி படிப்பார். சிற்பத்திலேயே மடத்தின் சொந்த விளம்பரமும் உண்டு: சாந்த் ஃபுவா இறைவனின் கைக்கு முன்னால் மண்டியிடுகிறாள், அவள் பின்னால் கைதிகளின் விலங்குகள் தொங்குகின்றன. சிறைப்பட்டவர்களை விடுவிக்கும் புனிதை என்று அவளுக்குப் பெயர். உள்ளே பேழையைச் சுற்றியிருக்கும் இரும்புக் கம்பித் தடுப்பே விடுதலையானவர்களின் விலங்கை உருக்கிச் செய்தது என்பது ஊர் வழக்கு. இத்தனைக்கும் அந்த எச்சத்தைக் கோங்க் துறவியர் 9ஆம் நூற்றாண்டில் அஜான் ஊரிலிருந்து திருடிக்கொண்டு வந்தார்கள். எனவே வாசல், போதனையும் மிரட்டலும் விளம்பரமும் கலந்தது. இத்தாலியில் வாசல் தூண்களைச் சுமக்கும் கல்சிங்கங்களுக்கு நடுவே வழக்கு தீர்த்ததற்கும் ஆவணம் இருக்கிறது.

இதையெல்லாம் பிடிக்காதவர்களும் இருந்தார்கள். கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்து 1120களில் இந்தச் செதுக்கல் ஆடம்பரத்தைக் கடுமையாகச் சாடினார். அவருடைய துறவியர் சபையின் ஃபோந்தனே ஆலயம் (1147இல் அர்ச்சிப்பு) வெறும் சுவரும் கூர்வளைவுக் கூரையும்தான். பொதுமக்களுக்கான யாத்திரைப் பாதை இல்லாததால் தரைப்படமும் சுருங்கிவிட்டது, கிழக்குமுனை தட்டையான சுவர். பலகையில் கோங்கையும் ஃபோந்தனேயையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் உங்கள் வாதம் தானாகவே புரியும்.

சாந்துச்சட்டி:

பிளாஸ்டருக்கு வருகிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் வார்த்த கட்டி கெட்டியாக அரை மணி நேரம் போதும், முழுதாகக் காய நாட்கள் பிடிக்கும். கெட்டியானதை வைத்துக் காய்ந்ததாக நினைத்து அடுக்கினால் முகங்கள் ஒட்டிக்கொள்ளும், விளிம்பு உதிரும், எடையும் கட்டிக்குக் கட்டி மாறும். எடைக் கருவியில் ஒரு கட்டியை வைத்து நாளுக்கொரு முறை பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது. கம்பித் தட்டில் இடைவெளி விட்டு வைத்து மின்விசிறியை ஓடவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் வைக்காதீர்கள், அதிகச் சூட்டில் பிளாஸ்டர் மாவாகிவிடும். முகங்களைக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேயுங்கள். கையில் தாளைப் பிடித்துத் தேய்த்தால் முகம் உருண்டுவிடும்.

அவர்களுக்கும் இதே தலைவலிதான், அளவுதான் பெரிது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் 900 பாகை வரை சுட்டு, நீரில் நீற்றி, பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துக் குழைத்த சாந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். வெளியில் ஒரு விரலளவு இறுகியிருக்கும்போது இரண்டு மீட்டர் சுவரின் நடுவில் அது பல ஆண்டுக்குப் பச்சையாகவே இருக்கும். பனியில் உறைந்தால் பொடியும். எனவே வசந்தம் முதல் நவம்பர் வரைதான் கொத்துவேலை. குளிர்காலத்தில் பாதிச் சுவரின் தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவிட்டு, கொட்டகைக்குள் கல் செதுக்குவார்கள். கூலி சில இடங்களில் கல் எண்ணிக்கைக்கு, அதனால்தான் கற்களில் கொத்தர் குறிகள்.

சுவர் முழுக்க ஒரே கல் என்று காட்டிவிடாதீர்கள். இரண்டு முகங்களும் செதுக்கிய கல், நடுவே சில்லுக்கல்லும் சாந்தும். குறுக்குவெட்டு என்பதால் உங்கள் மாதிரியில் இது பளிச்சென்று தெரியும், தெரியவும் வேண்டும். பச்சைச் சாந்து நடுவில் சுருங்கி அமர்ந்தால் எடை முழுவதும் முகக்கற்களின் மேல் ஏறி, அவை வெளியே புடைக்கும். அதைத் தடுக்க இடையிடையே நீளமான கல்லைக் குறுக்கே விட்டு இரு முகங்களையும் கட்டுவார்கள். அதில் கஞ்சத்தனம் செய்த சுவர் எந்தக் காலத்திலும் காட்டிக்கொடுக்கும்.

சென்ட்ரிங் மரம் மலிவல்ல. நடுக்கூடத்தை அறை அறையாகப் பிரிக்கும் குறுக்கு வளைவுகள் இருப்பதால் ஒரு அறையின் சட்டத்தைக் கழற்றி அடுத்ததற்கு நகர்த்தலாம். அவசரமாகக் கழற்றினால் பச்சைச் சாந்து நசுங்கி உச்சி இறங்கும். சாரத்துக்குக் கட்டை செருகிய சதுரக் குழிகளைச் சுவரில் காட்ட மறக்காதீர்கள், பார்ப்பவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.

சிங்கப்பூரில் ஒப்பிட்டுக் காட்ட ஏதாவது வேண்டுமென்றால், ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போகாதீர்கள்; அது கோத்திக் மீட்டெடுப்பு. கம்போங் பாருவில் 1929இன் புனித தெரேசா ஆலயம் ரோமானிய-பைசாந்தியப் பாணி, அரைவட்ட வளைவுகளை அங்கே நிதானமாகப் பார்க்கலாம். சுண்ணாம்பு வேலைக்கு செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் உட்சுவர்: சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் சேர்த்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. ஆனால் அது மெருகுப் பூச்சு, கல்லைப் பிணைக்கும் சாந்து அல்ல. பலகையில் இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

தெம்பனிஸ்_மாடல்:

கடைசியாக ஒன்று. உள்ளே ஆள் பொம்மை வைக்கலாமா? எத்தனை, எங்கே?

ஏட்டுச்சுவடி:

தாராளமாக. 1:50இல் ஓர் ஆள் 34 மில்லிமீட்டர். நடுக்கூடத்தின் குறுக்குவெட்டு என்பதால், எந்த இடத்தில் வெட்டுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கிழக்கை ஒட்டி வெட்டினால் நடுவில் தடுப்பும் அதற்குள் துறவியரும் மட்டும். பக்கக்கூடத்தில் யாத்திரிகர்கள் நிற்காமல் நடக்கிற நிலையில், ஒரே திசையில். மேற்கே வெட்டினால் நடுக்கூடத்தில் ஊர்மக்கள் நிற்கட்டும். நீள இருக்கைகள் வைத்துவிடாதீர்கள், அவை பிற்காலத்தவை. வலுவில்லாதவர்கள் சாய்ந்துகொள்ளச் சுவரோரம் ஒரு கல்திண்ணை போதும். மாடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.